வரவுக் கணக்கும் வாக்குக் கணக்கும்

தாமஸ் ஆல்வா எடிசன் என்றதும் மின்விளக்கும் போனோகிராப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர் பெற்ற முதல் காப்புரிமை இவற்றில் எதற்கும் அன்று. 1869ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், அவருடைய 22ஆம் வயதில், சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகளைப் பதிவு செய்யும் மின்கருவி ஒன்றுக்காக அவருக்கு அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கியது. அதன் எண் 90,646.

கருவி எளிமையானது. ஒவ்வொரு உறுப்பினரின் மேசையிலும் ஒரு விசை. அதை 'ஆம்' பக்கமோ 'இல்லை' பக்கமோ தள்ளினால் மின்னோட்டம் செயலாளரின் மேசைக்குப் பாயும். அங்கே உறுப்பினர்களின் பெயர்கள் உலோக அச்செழுத்துகளில் இரு வரிசைகளாக அமைந்திருக்கும். அவற்றின் மேல் வேதிப்பொருள் தோய்ந்த தாளை விரித்து, ஓர் உலோக உருளையை உருட்ட வேண்டும். எந்தப் பெயரின் வழியே மின்னோட்டம் பாய்கிறதோ அந்த இடத்தில் வேதிப்பொருள் சிதைந்து, பெயர் தாளில் கறையாகப் பதிந்துவிடும். மொத்த எண்ணிக்கையைக் காட்டப் பக்கத்தில் இரண்டு முகப்புகள். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த இளைஞருக்குத் தோன்றக்கூடிய கருவிதான்.

அதை வாங்குவார் இல்லை. வாஷிங்டனில் இதைப் பார்த்த கமிட்டித் தலைவர், இவ்வுலகில் எங்களுக்கு வேண்டாத கருவி ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்னும் பொருள்படக் கூறினாராம். எடிசனே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கும்போது நேரம் கழிகிறதே, அந்த நேரம்தான் சிறுபான்மையினர் கையிலிருந்த ஆயுதம். வேகமான கருவி அதைப் பறித்துவிடும். பின்னர் 1917இல் விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றம் மின்கருவியால் வாக்குகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. வாஷிங்டனிலுள்ள பிரதிநிதிகள் சபைக்கு அந்த வசதி வர 1973 ஆயிற்று. எடிசனின் காப்புரிமைக்கும் இதற்கும் இடையே 104 ஆண்டுகள்!

கருவி எதுவானாலும், யார் எப்படி வாக்களித்தார் என்னும் பதிவு அமெரிக்க அரசியலில் மிகுந்த மதிப்புடையது. நம் வாசகர்களுக்கு இதைச் சிறிது விளக்க வேண்டும். நம் சட்டமன்றங்களில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். 1985இல் வந்த 52ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின், கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரலாம். எனவே உறுப்பினரின் வாக்கைப் பார்த்தால் தெரிவது கட்சியின் முடிவே. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கட்சியின் செல்வாக்கு அங்கும் உண்டு என்றாலும், வாக்கு உறுப்பினருடையது; அதற்குப் பொறுப்பும் அவருடையதே. ஆகவே 'இவர் யாரிடம் பணம் வாங்கினார், பிறகு எப்படி வாக்களித்தார்?' என்னும் வினா அங்கே பொருளுள்ளதாகிறது. இந்த வினாவுக்கு விடை தேடுவது எப்படி என்பதைக் கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அங்கே கீழவையில் 80 பேர், செனட் எனப்படும் மேலவையில் 40 பேர். மாநில மக்கள் தொகை ஏறக்குறைய 4 கோடி.

பீப்பாய்க்கு ஐந்து செண்ட்

1930, 40களில் கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில் ஆர்தர் சாமிஷ் என்றொருவர் இருந்தார். அவர் உறுப்பினர் அல்லர், 'லாபி' செய்பவர். அதாவது, தொழில் நிறுவனங்களுக்காக உறுப்பினர்களிடம் பேசிச் சட்டங்களை வளைப்பதும் தடுப்பதும் அவர் பிழைப்பு. பீர் வடிக்கும் ஆலைகள் பீப்பாய்க்கு 5 செண்ட் வீதம் தந்து அவருக்கு ஒரு நிதியைத் திரட்டிக் கொடுத்தன. அதிலிருந்து தேர்தல் செலவுக்குப் பணம் பாயும். 1949இல் 'காலியர்ஸ்' என்னும் அமெரிக்க வார இதழில் அவருடைய படம் வெளிவந்தது. மடியில் ஒரு பொம்மை. அந்தப் பொம்மையின் பெயர் 'திருவாளர் சட்டமன்றம்'! மாநிலமே கொதித்தது. லாபி செய்வோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் விரைவில் வந்தது. 1953இல் வருமான வரி ஏய்ப்புக்காக சாமிஷ் தண்டனை பெற்றார். கவனியுங்கள்: அவரை வீழ்த்தியது வரிக் கணக்கு, தேர்தல் கணக்கு அன்று. தேர்தல் கணக்கில் பிடிக்க அன்று வழியே இருக்கவில்லை.

வழி பிறந்தது 1974 ஜூனில். வாட்டர்கேட் ஊழல் நாடெங்கும் பேசப்பட்ட நேரம். கலிபோர்னியா மக்கள் நேரடி வாக்கெடுப்பின் மூலம் அரசியல் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஆதரவு நூற்றுக்கு ஏறக்குறைய 70. சட்டத்தைக் கண்காணிக்க ஓர் ஆணையமும் அமைந்தது.

இச்சட்டப்படி வேட்பாளர் தரும் கணக்குப் படிவத்தின் எண் 460. ஒருவர் ஓர் ஆண்டில் மொத்தம் 100 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் அவருடைய பெயர், ஊர், தொழில், வேலை தரும் நிறுவனம் ஆகிய எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். தொழிலும் நிறுவனமும் எதற்கு என்று கேட்கலாம். படிவத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. முன்பின் அறியாத பத்துப் பெயர்கள் நமக்கு ஒன்றும் சொல்லமாட்டா. பத்துப் பேரும் ஒரே நிறுவனத்தின் அதிகாரிகள், ஒரே நாளில் ஒரே தொகை கொடுத்திருக்கிறார்கள் என்றால், அது பத்து நன்கொடை அன்று, ஒன்று என்று ஐயுற இடமுண்டு. தேர்தலுக்கு முந்திய 90 நாட்களில் 1,000 டாலரும் அதற்கு மேலும் வந்தால் 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். முன்பு இவை தாள் கட்டுகளாக அலுவலகத்தில் கிடந்தன. இப்போது மாநிலச் செயலாளரின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

கொடுக்கும் தொகைக்கும் வரம்பு உண்டு. 2025-26 தேர்தல்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு ஒருவர் ஒரு தேர்தலில் தரக்கூடியது 5,900 டாலர். முதனிலைத் தேர்தலும் பொதுத் தேர்தலும் தனித்தனி என்பதால் இது இரட்டிப்பாகும். ஆனால் வேட்பாளரைக் கலந்துகொள்ளாமல், அவருக்காகத் தனியே விளம்பரம் செய்பவர்களுக்கு வரம்பே இல்லை. அத்தகைய செலவும் பேச்சுரிமையில் அடங்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் கூறிவிட்டது. ஆகவே 460ஆம் படிவத்தை மட்டும் பார்ப்பவர் பணத்தின் ஒரு பகுதியையே பார்க்கிறார். தனிச் செலவுக் குழுக்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். அவற்றின் பெயர்கள் மிக இனிமையாக இருக்கும், பெயரைக் கண்டு மயங்கக் கூடாது. உறுப்பினர் கேட்டுக்கொண்டதற்காகப் பிறர் அறநிலையங்களுக்குத் தரும் பணம் இன்னொரு தனிக் கணக்கு. ஒரே இடத்திலிருந்து ஓர் ஆண்டில் 5,000 டாலர் எட்டினால் அதையும் தெரிவித்தாக வேண்டும்.

மௌனமும் ஒரு வாக்கு

இனி வாக்குக் கணக்குக்கு வருவோம். பார்ப்பதற்கு இது எளிது. கமிட்டியிலும் அவையிலும் நடக்கும் ஒவ்வொரு வாக்கெடுப்பும் பெயர்வாரியாகப் பதிவாகிறது. கீழவையில் மின்பலகை; மேலவையில் இன்றும் பெயர் கூப்பிட்டே வாக்கெடுக்கிறார்கள். மசோதாவின் எண்ணைத் தேடினால் 'ஆம்' பட்டியலும் 'இல்லை' பட்டியலும் கிடைத்துவிடும்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். 2017 முதல் பதிவான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அம்மாநிலச் செய்தி நிறுவனமொன்று கணிப்பொறியில் இட்டு ஆராய்ந்தது. பெரும்பான்மைக் கட்சியான ஜனநாயகக் கட்சியினர் 'இல்லை' என்று வாக்களித்தது சராசரியாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அப்படியானால் மசோதாக்கள் எப்படித் தோற்கின்றன?

விடை அம்மாநில அரசியல் சட்டத்தில் இருக்கிறது. ஒரு மசோதா நிறைவேற அவைக்கு வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். 80 பேர் கொண்ட அவையில் 41 'ஆம்' இருந்தாக வேண்டும். 40 பேர் 'ஆம்' என்கிறார்கள், 'இல்லை' என்பவர் ஒருவர்கூட இல்லை, மீதி 40 பேர் பொத்தானைத் தொடவில்லை என்று கொள்வோம். மசோதா தோற்றுவிடும்! வாக்களிக்காமல் இருப்பதும் 'இல்லை' என்பதும் விளைவில் ஒன்றே. ஆனால் தேர்தலின்போது எதிரி எடுத்துக்காட்ட ஒரு 'இல்லை' கூட இருக்காது. மசோதாவைக் கொண்டுவந்த சக உறுப்பினருக்கும் மனவருத்தம் குறைவு. காய்ச்சலில் படுத்திருந்தவரும் வேண்டுமென்றே ஒதுங்கியவரும் பதிவேட்டில் ஒன்றுபோலவே தோன்றுவார்கள். இருவரையும் பிரிக்க ஒரு வழி உண்டு. அதே நாளில் முன்னும் பின்னும் நடந்த வாக்கெடுப்புகளைப் பாருங்கள். அவற்றில் எல்லாம் வாக்களித்து, இந்த ஒன்றில் மட்டும் பெயர் காணவில்லை என்றால் அவர் அவையில்தான் இருந்திருக்கிறார்.

கீழவையில் இன்னொரு விந்தை. முடிவு அறிவித்த பிறகும், முடிவு மாறாதவரை, உறுப்பினர் அன்றே தம் வாக்கை மாற்றிக்கொள்ளலாம், விடுபட்டதைச் சேர்த்துக்கொள்ளலாம். தோற்றுப்போன மசோதாவுக்குப் பிற்பாடு 'ஆம்' என்று எழுதிக்கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லையே!

வாக்கெடுப்பே இல்லாமல் மடியும் மசோதாக்களும் பல. குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்கள் நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டியில் நிறுத்தி வைக்கப்படும். கீழவையில் இந்த அளவு ஒன்றரை லட்சம் டாலர். பிறகு ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவற்றின் கதியை மளமளவென்று படித்துவிடுவார்கள். நிறுத்தப்பட்ட மசோதாவுக்கு இத்தனை பேர் எதிர்ப்பு என்று எந்தப் பதிவும் இராது. வாக்குகளை மட்டும் எண்ணுபவர் கண்ணுக்கு இந்த மசோதாக்கள் பிறக்கவே இல்லை.

இரு கணக்கையும் இணைத்தல்

பணக் கணக்கில் பெயர்கள் இருக்கின்றன. வாக்குக் கணக்கில் மசோதா எண்கள் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் பாலம் எது? கமிட்டி அலுவலர்கள் ஒவ்வொரு மசோதாவுக்கும் தயாரிக்கும் ஆய்வுக் குறிப்புதான். அதன் கடைசியில் இந்த மசோதாவை எந்தெந்த அமைப்புகள் ஆதரித்து எழுதியுள்ளன, எவை எதிர்த்துள்ளன என்று பட்டியல் தரப்பட்டிருக்கும். பலரும் படிக்காமல் விடும் பக்கம் இதுவே. அப்பட்டியலிலுள்ள அமைப்புகளை நன்கொடைக் கணக்கில் தேடினால் பணமும் வாக்கும் ஒரே தாளில் வந்துவிடும்.

வந்த பிறகு என்ன செய்வது? இங்கேதான் அறிவியல் பார்வை தேவை. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 80 பேர் அவையில் ஒரு சங்கம் 40 பேருக்கு நன்கொடை தந்தது. அந்தச் சங்கம் விரும்பிய மசோதாவுக்கு, பணம் பெற்ற 40 பேரில் 28 பேர் 'ஆம்' என்றனர்; பெறாத 40 பேரில் 12 பேர்தாம் 'ஆம்' என்றனர். நூற்றுக்கு 70, நூற்றுக்கு 30. பணம் பேசிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லத் தோன்றுகிறதல்லவா?

சற்றுப் பொறுங்கள். அவையில் இரண்டு கட்சிகள், ஒவ்வொன்றிலும் 40 பேர். முதல் கட்சியில் பணம் பெற்றவர் 30, அவர்களில் 'ஆம்' என்றவர் 27. பெறாதவர் 10, 'ஆம்' என்றவர் 9. இரண்டும் நூற்றுக்கு 90. இரண்டாம் கட்சியில் பணம் பெற்றவர் 10, 'ஆம்' என்றவர் 1. பெறாதவர் 30, 'ஆம்' என்றவர் 3. இரண்டும் நூற்றுக்கு 10. எந்தக் கட்சிக்குள்ளும் பணம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் எள்ளளவும் வேறுபாடு இல்லை! சங்கம் தன் கொள்கைக்கு ஏற்கனவே இணங்கிய கட்சிக்கே அதிகம் கொடுத்தது, அவ்வளவுதான். வாக்கு பணத்தின் பின்னே போகவில்லை. பணம்தான் வாக்கின் பின்னே போயிருக்கிறது. (மொத்தம் 40 'ஆம்' என்பதால் இந்த மசோதா ஒரு வாக்கில் தோற்றும் போகும்!)

இரண்டு அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்குவதைப் புள்ளியியலார் ஒட்டுறவு என்பர். ஒட்டுறவு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் நன்கொடைக்கும் வாக்குக்கும் உள்ள உறவைப் பற்றிய சுமார் 40 ஆய்வுகளை 2003இல் ஆன்சொலபிஹியர் முதலிய மூன்று அறிஞர்கள் திரட்டிப் பார்த்தனர். நான்கில் மூன்று பங்கில் பணத்தின் விளைவு தெளிவாகத் தெரியவில்லை, அல்லது எதிர்த் திசையில் இருந்தது. அப்படியென்றால் பணத்தால் ஒன்றும் ஆவதில்லையா? அவ்வாறு முடிவு கட்டுவதும் அவசரமே. காய்ச்சல்மானி எலும்பு முறிவைக் காட்டவில்லை என்பதால் எலும்பு நன்றாக இருக்கிறதென்று கொள்ளலாமா?

இறால் சோதனை

பணத்தின் விளைவைத் தனியே பிரித்துக் காண ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை வேண்டும். அதாவது, கட்சியோ கொள்கையோ தொகுதி மக்களோ ஆதரிக்காத, பணம் ஒன்றே ஆதரிக்கிற ஒரு மசோதா வேண்டும். அப்படி ஒன்று உலகில் உண்டா? 1980களில் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையே அதை உண்டாக்கியது. துறையின் அதிகாரிகள் இறால் பதப்படுத்தும் வியாபாரிகளாக வேடமிட்டு, போலி நிறுவனங்களை அமைத்து சாக்ரமெண்டோவுக்குப் போனார்கள். தங்கள் இல்லாத தொழிலுக்குச் சலுகை தரும் மசோதாவைக் கேட்டார்கள். கேட்ட இடங்களில் பணமும் கொடுத்தார்கள். இறால் ஆலையும் இல்லை, தொழிலாளியும் இல்லை, அதற்காகக் குரல் கொடுக்க ஒரு வாக்காளரும் இல்லை. ஆனாலும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறிவிட்டது! ஆளுநருக்கு முன்கூட்டியே இரகசியம் தெரிந்திருந்ததால் அவர் ஒப்புதல் தரவில்லை. 1988 ஆகஸ்ட் 24ஆம் நாள் இரவு சட்டமன்ற அலுவலகங்களில் சோதனை நடந்தது. 1990இல் செனட் உறுப்பினர் ஜோசப் மோன்டோயா குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டுகளில் வேறு உறுப்பினர்களும் உதவியாளர்களும் லாபி செய்வோரும் தண்டனை பெற்றனர்.

இதிலும் ஒன்றை மறக்கலாகாது. 'ஆம்' என்ற பெரும்பாலோர் ஒரு காசும் வாங்கியிருக்கவில்லை. யாருக்கும் கேடில்லாத சிறிய மசோதா, சகா கொண்டுவந்தது என்று பொத்தானை அழுத்தியிருப்பார்கள். ஆண்டுதோறும் இரண்டாயிரம் அளவில் மசோதாக்கள் வரும் அவையில் ஒவ்வொன்றையும் துருவிப் படிப்பவர் யார்? பணம் சிலரிடமே பாய்ந்தது. மற்றவர்களின் கவனக்குறைவு மீதி வேலையைச் செய்தது. வாக்குப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் வாங்கியவரும் வாங்காதவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

பணம் வாக்கைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. காலா, புரூக்மன் என்னும் இருவர் நாடாளுமன்ற உறுப்பினர்களின் 191 அலுவலகங்களை எடுத்துக்கொண்டனர். நேர்காணல் கேட்டு ஓர் அமைப்பின் மூலம் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் போயிற்று. வரப்போகிறவர்கள் எல்லாரும் உண்மையில் நன்கொடையாளர்களே. ஆனால் சில அலுவலகங்களுக்கு மட்டும் அதைச் சொன்னார்கள். மற்றவற்றுக்கு வெறும் தொகுதிவாசிகள் என்றார்கள். யாருக்கு எது என்பதைச் சமவாய்ப்பு முறையில், சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானித்தார்கள். 'நன்கொடையாளர்' என்று கேட்ட அலுவலகங்களில் உறுப்பினரோ உயர் அதிகாரியோ நேரில் சந்தித்தது மற்றவற்றைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். வாக்கு மாறிற்றா என்பது வேறு கேள்வி. கதவு திறந்தது என்பது நிச்சயம்.

இது வாஷிங்டனில் நடந்த சோதனை. சாக்ரமெண்டோவிலும் ஆராய வேண்டியது இதுவே; ஆனால் அங்கே பதிவேடு பாதிதான் உதவுகிறது. லாபி செய்பவர் உறுப்பினருக்கு மாதத்துக்கு 10 டாலருக்கு மேல் பரிசோ விருந்தோ தரக்கூடாது. 1974இல் எழுதிய இந்த வரம்பு இன்றுவரை மாறவில்லை. லாபிக்குச் செலவிடும் நிறுவனங்கள் எந்தெந்த மசோதாக்களுக்காக முயன்றன என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதித் தர வேண்டும். எந்த உறுப்பினரை எத்தனை முறை சந்தித்தார்கள் என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. ஓரளவு துணை செய்வது 2016இல் மக்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய ஒரு சட்டம். அதன்படி மசோதாவின் இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே வெளியாக வேண்டும். திறந்த கூட்டங்கள் அனைத்தையும் படம் பிடித்து 24 மணி நேரத்திற்குள் இணையத்தில் இட வேண்டும். 20 ஆண்டுகளாவது பாதுகாக்க வேண்டும். கமிட்டி முன் யார் எழுந்து பேசினார், எந்த உறுப்பினர் என்ன கேட்டார், எவர் வாய் திறவாமல் இருந்தார் என்பதை அந்தப் படத்தில் பார்க்கலாம்.